ஆப்பரேட்டர் நிற்கும் மேடை: பழைய எந்திரத்தில் புதிதாகப் பொருத்துவோருக்கு

ஜப்பானிலிருந்து வந்திறங்கும் பழைய வீல் லோடரை (முன்னால் பக்கெட் வைத்து மண் அள்ளும் எந்திரம்) வாங்கும்போது எல்லோரும் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைப் பார்ப்பார்கள், பக்கெட் பல்லைத் தட்டிப் பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். ஆப்பரேட்டர் ஏறி நிற்கும் மேடையை யாரும் பார்ப்பதில்லை. துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும், கைப்பிடிக் குழாய் ஒரு பக்கம் வளைந்திருக்கும், கீழ்ப்படி இருந்த இடத்தில் இரண்டு போல்ட் துளை மட்டும் இருக்கும்.

"வெல்டரைக் கூப்பிட்டால் அரை நாள் வேலை" என்று தோன்றும். அரை நாளில் முடியத்தான் செய்யும். மறுநாள் சைட் வாசலில் பாதுகாப்பு அதிகாரி அந்த வெல்டிங்கைப் பார்த்து எந்திரத்தைத் திருப்பி அனுப்புவார். அதன்பின் வெட்டி எடுக்க ஒரு நாள், காகிதம் தேட ஒரு வாரம். வாடகை ஓடாத அந்த வாரம்தான் உண்மையான செலவு.

சரியான வரிசையில் போனால் மொத்த வேலைக்கு 2 முதல் 3 வாரம் ஆகும். அதில் எந்திரம் நிற்க வேண்டியது 2 நாள்தான்: அளவெடுக்க அரை நாள், பொருத்தவும் சோதிக்கவும் ஒன்றரை நாள். மீதி நாளெல்லாம் எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கலாம். கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்திலும் பினாங்கிலும் சொந்தமாக ஒன்றிரண்டு எந்திரம் வைத்துத் தொழில் தொடங்குபவர்களையும், ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

1. பழுதுபார்ப்பா, மாற்றமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்த ஒரு கேள்விதான் எத்தனை காகிதம் தேவை என்பதைத் தீர்மானிக்கிறது.

பழைய மேடை இருந்த அதே இடத்தில், அதே அளவில், அதே போல்ட் துளைகளில் புதியதை வைத்தால் அது பழுதுபார்ப்பு. அகலத்தைக் கூட்டினால், இல்லாத இடத்தில் புதிதாக வைத்தால், கைப்பிடியை வேறு தூணுக்கு மாற்றினால் அது மாற்றம். மாற்றம் என்றால் ஆபத்து மதிப்பீடும் கணக்கும் கேட்பார்கள்.

பழுதுபார்ப்பு என்றால் முதலில் எந்திரத்தின் சீரியல் பிளேட்டைப் படமெடுத்து டீலரிடம் அனுப்பி, பாகப் புத்தகத்தில் மேடையின் பக்கத்தைக் கேளுங்கள். இருபது வருடப் பழைய எந்திரமாக இருந்து அந்தப் பாகம் இப்போது வராமல் போனாலும், படம் கிடைக்கும். துளை எத்தனை, போல்ட் எந்த அளவு, அடியில் ரப்பர் உண்டா என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கும். பாகம் கிடைக்குமானால் விலையைக் கண்டு மிரள வேண்டாம். கீழே 5-ஆம் பகுதியில் உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

2. கை வைக்கக் கூடாத இடங்கள்

அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே ஒரு மஞ்சள் சாக்குக் கட்டியோடு எந்திரத்தைச் சுற்றி வந்து, இந்த இடங்களில் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்.

ரோப்ஸ் கூண்டு. எந்திரம் கவிழ்ந்தால் ஆப்பரேட்டரைக் காக்கும் தூண்களும் கூரையும் இதுதான். ஐஎஸ்ஓ 3471 என்று பொறித்த தகடு அதன்மேல் இருக்கும். அதில் துளை போட்டாலோ வெல்டிங் வைத்தாலோ அந்தத் தகட்டுக்கு அர்த்தம் போய்விடும். கைப்பிடி வைக்க மிக வசதியான உயரத்தில் இந்தத் தூண் நிற்பதால், பல தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. கைப்பிடி வேண்டுமென்றால் மேடையிலிருந்தே கம்பம் எழுப்புங்கள்.

லோடரின் நடு மூட்டு. முன்பாதியும் பின்பாதியும் மடங்கும் இடம். நேராக நிற்கும்போது தாராளமாகத் தெரியும் இடைவெளி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் காணாமல் போகும். நசுங்காமல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி பாதத்துக்கு 120 மி.மீ., தலைக்கு 300, முழு உடலுக்கு 500. மேடையின் ஓரம் மூட்டை நோக்கி இருந்தால், இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, பூமை ஏற்றி இறக்கி அளவெடுங்கள்.

எண்ணெய்த் தொட்டியும் டீசல் தொட்டியும். தொட்டிச் சுவரில் பிராக்கெட் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

கிரேன். பி.எம்.ஏ. எண் (தூக்கும் எந்திரத்துக்கான அரசுச் சான்றிதழ் எண்) உள்ள எந்திரம் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அதன் சான்றிதழே வேறு வழி. தயாரிப்பாளர், எஞ்சினியர், டோஷ் எனப்படும் அரசின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை மூவரையும் கேட்காமல் ஒரு படிகூடச் சேர்க்காதீர்கள்.

3. பூட்ஸ் போட்டுக்கொண்டு அளவெடுங்கள்

மண் நகர்த்தும் எந்திரங்களில் ஏறி இறங்கும் வழிக்கு ஐஎஸ்ஓ 2867, பொதுவான எந்திர மேடைகளுக்கு ஐஎஸ்ஓ 14122. இரண்டையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. எஞ்சினியரிடம் இருக்கும். ஆனால் கீழுள்ள எண்கள் உங்கள் தலையில் இருக்க வேண்டும்.

முதல் படி தரையிலிருந்து 400 மி.மீ. இருந்தால் நல்லது, 700-ஐத் தாண்டக் கூடாது. படிக்குப் படி 300 நல்லது, 400 உச்சம். ஒரு கால் மட்டும் வைக்கும் படிக்கு அகலம் 160-க்குக் குறையக் கூடாது. இரண்டு கால் வைப்பதானால் 320. படிக்குப் பின்னால் பூட்ஸ் நுனி நுழைய 150 மி.மீ. வெற்றிடம் விடுங்கள். அதை மறந்தால் ஆப்பரேட்டர் விரல் நுனியால் ஏறுவார், மழை நாளில் வழுக்குவார்.

முதல் படியின் உயரத்தை ஒர்க்‌ஷாப் சிமெண்ட் தரையில் அளந்தால் ஏமாந்து போவீர்கள். தேய்ந்த டயரை மாற்றினால் எந்திரம் உயரும், சைட்டின் சேற்றில் சக்கரம் புதைந்தால் தாழும். உயர்ந்த நிலைக்கு அளவு வைத்து, அந்தக் கீழ்ப்படியை மட்டும் ரப்பர் பட்டையில் தொங்க விடுங்கள். கல்லில் இடித்தால் வளையும், ஒடியாது. இரும்பில் செய்த கீழ்ப்படி முதல் மாதத்திலேயே போய்விடும்.

நடக்கும் மேடையின் அகலம் 600 மி.மீ., இடமிருந்தால் 800. தலைக்கு மேல் 2,100. தரைக்கும் மேடைக்கும் உள்ள உயரம் 500 மி.மீ.க்கு மேல் என்றால் 14122 தடுப்புக் கம்பி கேட்கிறது: மேல் கம்பி 1,100 மி.மீ. உயரம், நடுவில் ஒரு முழங்கால் கம்பி, அடியில் 100 மி.மீ. உயரக் கால் தடுப்புப் பட்டை. ஸ்பேனர் உருண்டு கீழே நிற்பவன் தலையில் விழாமல் இருக்கத்தான் அந்தப் பட்டை.

கைப்பிடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கை முழுதாக மூடிப் பிடிக்க 25 மி.மீ. விட்டம் சிறந்தது, 38-க்கு மேல் போகக் கூடாது. கடையில் "ஓர் அங்குலக் குழாய்" என்று கேட்டால் கிடைப்பதன் வெளிவிட்டம் 33.7 மி.மீ. அது சரி. "கொஞ்சம் ஸ்ட்ராங்காக இருக்கட்டும்" என்று ஒன்றேகால் அங்குலம் வாங்கினால் 42.4 மி.மீ., கையுறை போட்ட கைக்கு அடங்காது. குழாய்க்கும் பின்சுவருக்கும் இடையே 75 மி.மீ. விடுங்கள், எப்படியும் 50-க்குக் குறைய விடாதீர்கள்.

இன்னொன்று. ஆப்பரேட்டரை சீட்டில் உட்கார வைத்து, தடுப்புக் கம்பம் வரப்போகும் இடத்தில் ஒரு துடைப்பக் கட்டையை நிறுத்தி, "தெரியுதா?" என்று கேளுங்கள். ஏற்கெனவே தூண் மறைக்கும் கோட்டிலேயே புதுக் கம்பமும் நின்றால் புதிதாக எதுவும் மறையாது. இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் நடந்து போகும் ஒரு மனிதனை மறைக்கும் அளவுக்குக் குருட்டு இடம் கூடும்.

எந்திரத்தின் மொத்த அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மேடை பக்கவாட்டில் நீட்டினால், எந்திரத்தைச் சுமந்து செல்லும் லோ-லோடர் டிரெய்லரில் ஏற்றும் நாளில் பிரச்சினை வரும்.

4. காகிதங்கள்

1967 தொழிற்சாலை, எந்திரச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. 2024 ஜூன் 1 முதல் எல்லாம் ஓஷா எனப்படும் 1994 தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன, அதே நாளில் திருத்தங்களும் அமலுக்கு வந்தன. இன்னும் பல இடங்களில் பழைய சட்டத்தைக் குறிப்பிடும் பாரங்களையே நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். தலைப்பிலேயே பழைய சட்டத்தின் பெயர் இருந்தால், படித்துப் பார்க்கும் அதிகாரிக்கு மீதியையும் நம்பத் தோன்றாது. முதலாளியின் கடமை மீறலுக்கு அபராத உச்சம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக ஏறியிருக்கிறது. ஐந்து பேர் வேலை செய்யும் சிறு நிறுவனமும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். அந்தப் பெயர்தான் உங்கள் காகிதத்தில் கையெழுத்தாக வரும்.

ஒரு ஃபைலில் இவை சேரட்டும். சீரியல் பிளேட்டின் படம், பழைய மேடையின் நான்கு பக்கப் படங்கள். அளவோடு கூடிய வரைபடம், அதில் எத்தனை கிலோவுக்குச் செய்யப்பட்டது என்ற வரி. ஹிராக் எனப்படும் ஆபத்து மதிப்பீடு: ஒன்று பொருத்தும் வேலைக்கு, இன்னொன்று மேடையைத் தினமும் பயன்படுத்துவதற்கு. இரண்டாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வெல்டரின் தகுதிச் சான்றிதழ் நகல், இரும்பு வாங்கிய கடையில் கேட்டு வாங்கிய மில் சான்றிதழ் (இரும்பு ஆலையின் தரச் சான்றிதழ்), சைட்டுக்குள் செய்வதானால் ஹாட் ஒர்க் பெர்மிட் (வெல்டிங் போன்ற தீப்பொறி வேலைக்கான அனுமதி), உள்ளே வருபவர்களின் கட்டுமானத் தொழில் வாரிய அட்டையான சிஐடிபி கிரீன் கார்டு. முடிந்ததும் சோதனைத் தாள்.

எஞ்சினியர் கையெழுத்து தேவையா என்பதில் குழப்பம் உண்டு. மெயின் கொன்ட்ராக்டர் கேட்டால் தேவை. அவர்கள் கேட்பது வெறும் "எஞ்சினியர்" அல்ல, மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிந்து பிராக்டிசிங் சான்றிதழ் வைத்திருக்கும் தொழில்முறை எஞ்சினியராக இருக்கும். "மேடையை மாற்றுகிறோம், வரைபடத்தில் யார் கையெழுத்து வேண்டும்?" என்று வேலை தொடங்கும் முன்பே மெயிலில் கேட்டுவிடுங்கள். பதிலை அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். செய்து முடித்த மேடைக்குப் பின்தேதியிட்டுக் கையெழுத்துப் போட நல்ல எஞ்சினியர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். மேடையைப் பிரித்து வெல்டிங்கைச் சோதிக்கச் சொல்வார், செலவு இரட்டிப்பாகும்.

எந்திரக் காப்புறுதி இருந்தால் முகவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் கிளைமின்போதுதான் வெளியே வரும்.

5. எடையைத் தெரிந்துகொண்டு விலை கேளுங்கள்

ஃபேப்ரிகேட்டர் "மொத்தமா இவ்வளவு, பாஸ்" என்பார். அது மலிவா, கொள்ளையா என்று தெரிய உங்களுக்கு எடை தெரிந்திருக்க வேண்டும். 1,200-க்கு 700 மி.மீ. மேடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கம் எந்திரத்தை ஒட்டியிருக்கிறது, இரண்டு பக்கம் திறந்திருக்கிறது.

4.5 மி.மீ. செக்கர் பிளேட் (வழுக்காமல் இருக்க மேடுகள் வைத்த தகடு) ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 38 கிலோ, 0.84 சதுர மீட்டருக்கு 32 கிலோ. சட்டத்துக்கு 50-க்கு 50-க்கு 6 ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ, சுற்றளவு 3.8 மீட்டரோடு நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் 0.7 மீட்டர், ஆக 20 கிலோ. மேல் கம்பி, முழங்கால் கம்பி தலா 1.9 மீட்டர், கம்பம் மூன்று, மொத்தம் 7.1 மீட்டர் குழாய். 3.2 மி.மீ. கனத்தில் 17 கிலோ. 100-க்கு 6 பட்டை 1.9 மீட்டர், 9 கிலோ. பிராக்கெட்டும் போல்ட்டும் 14 கிலோ என்று வைத்தால் மொத்தம் 92 கிலோ.

இப்போது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கெப்போங், சுங்கை பூலோ, ரவாங் பக்கம் இருப்பவர்களுக்குப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பினாங்கில் தீவுக்குள் தேடுவதைவிடப் பாலம் தாண்டி பிறை, ஜூரு, புக்கிட் மெர்தாஜாம் போவது மேல். இரும்பு, கூலி, கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு), லோரி, விற்பனை-சேவை வரி என்று ஐந்து வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தர மறுப்பவரிடம் பேரம் பேசிப் பயனில்லை.

பிளேட் 4-க்கு 8 அடியாக வரும், அதாவது 1,220-க்கு 2,440 மி.மீ. உங்கள் மேடை நீளம் 1,200 என்றால் ஒரு ஷீட்டில் மூன்று மேடை வெட்டலாம். 1,250 என்று வரைந்தால் ஒன்றுதான் வெட்டலாம், மூன்றில் இரண்டு பங்கு ஷீட்டுக்கு மேல் குப்பைக்குப் போகும், ஆனால் பணம் முழு ஷீட்டுக்கும் போகும். ஆங்கிளும் குழாயும் 6 மீட்டர் நீளம். ஒரே ஒரு மேடை என்றால் மிச்சத் துண்டுகளை உங்களிடம் தரச் சொல்லுங்கள். படிக்கும் பிராக்கெட்டுக்கும் அவை ஆகும்.

செக்கர் பிளேட்டா, கிரேட்டிங்கா (இரும்புப் பட்டைகளைக் கட்டம் கட்டமாக இணைத்த தளம்)? மண்ணும் கிரீஸும் படியும் வெளி எந்திரத்துக்குப் பல் வெட்டிய கிரேட்டிங்தான் என் ஓட்டு. மழைத் தண்ணீர் நிற்காது, சேறு கீழே விழுந்துவிடும். செக்கர் பிளேட்டின் மேடுகள் ஒரு வருடத்தில் பூட்ஸ் பட்டு வழவழப்பாகிவிடும். பிளேட்தான் என்றால் மூலைகளில் 12 மி.மீ. வடிகால் துளை போடச் சொல்லுங்கள். கிரேட்டிங்கில் கவனிக்க வேண்டியது கண் அளவு: 35 மி.மீ. பந்து விழக் கூடாது, கீழே ஆள் நிற்கும் இடமானால் 20 மி.மீ. பந்தும் விழக் கூடாது. கடையில் கிடைக்கும் சாதாரண 30 மி.மீ. இடைவெளி முதலாவதில் தேறும், இரண்டாவதில் தேறாது.

6. பட்டறையில் நடக்க வேண்டியது

மேடையை எந்திரத்தில் போல்ட் போட்டுத்தான் இணைக்க வேண்டும். வெல்டிங் பட்டறையோடு முடிந்துவிட வேண்டும். அடியில் உள்ள ஹோஸ் வெடித்தால் கழற்றிப் பார்க்க வேண்டுமே! பிராக்கெட் ஒவ்வொன்றிலும் எம்12 போல்ட் நான்கு, தரம் 8.8. பிராக்கெட் பக்கத்துத் துளையை மட்டும் 14-க்கு 22 நீள்துளையாக வெட்டி, தடித்த வாஷர் போடுங்கள். பொருத்தும் நாளில் "அண்ணே, துளை ஒத்து வரல, ரெண்டு டாக் வெல்டிங் வெச்சு விட்டுரலாமா?" என்ற குரல் எழாமல் இருக்க இதுவே வழி.

பினாங்கின் கடல்காற்றுக்கும் கிள்ளான் துறைமுகப் பக்கத்துக்கும் பெயின்ட் தாங்காது, ஹாட் டிப் கால்வனைஸ் செய்யுங்கள். இதில் உயிர்போகும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு முனையும் அடைத்த குழாயை 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து குழாய் வெடிக்கும். ஒவ்வொரு குழாயிலும் 10 மி.மீ. துளை இரண்டு, மேலும் கீழும், வெல்டிங்குக்கு முன்பே போட வேண்டும். துளை இல்லாததைத் தொட்டிக்காரர் திருப்பி அனுப்புவார், உங்களுக்கு ஒரு வாரம் போகும்.

செக்கர் பிளேட்டைச் சட்டத்தோடு வெல்டிங் செய்து தொட்டியில் இறக்கினால் அப்பளம்போல் நெளியும். தனித்தனியே முக்கி எடுத்துப் பிறகு போல்ட் போடுங்கள். 3 முதல் 6 மி.மீ. இரும்புக்குச் சராசரி 70 மைக்ரான் பூச்சு வர வேண்டும், வாங்கும்போது மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கால்வனைஸ் தொழிற்சாலைகள் பெரும்பாலும் குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருக்கும். 92 கிலோவுக்குத் தனியாக அனுப்பாமல் பட்டறைக்காரரின் மற்ற வேலையோடு சேர்த்து அனுப்பினால் மிச்சமாகும்.

நாள்கணக்கு: வரைபடம் 2-3 நாள், பட்டறை 3 நாள், கால்வனைஸ் போய்வர ஒரு வாரம். சீனப் பெருநாளுக்கு முன்னும் பின்னும் பட்டறைகள் மூடிக் கிடக்கும், நோன்புப் பெருநாளுக்கு ஆள் இருக்க மாட்டார்கள். தைப்பூசம், தீபாவளி நேரத்தில் நம் வெல்டரே வரமாட்டார். ஜனவரி, பிப்ரவரியில் மேடை வேண்டுமானால் நவம்பரிலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.

7. பொருத்தும் நாள்

காலையிலேயே தொடங்குங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் கோலாலம்பூர் மழையை நம்பி வெளியில் வேலை வைக்க முடியாது.

எந்திரத்தை முதல் நாளே கழுவி வைத்திருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நடு மூட்டின் பூட்டுக் கம்பியைப் போடுங்கள். சாவியை எடுத்து, வேலை செய்பவர் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். 92 கிலோவை இரண்டு பேர் தோளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாமவர் போல்ட் தேடுவது பார்க்கவே பயமாக இருக்கும். செயின் பிளாக் கொண்டு வாருங்கள்.

எந்திரத்தின் உடலில் பிராக்கெட் வெல்டிங் தவிர்க்கவே முடியாத இடமென்றால், எஞ்சினியர் வரைபடத்தில் அது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள், எஞ்சின் கம்ப்யூட்டரின் கனெக்டரை உருவுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் துண்டிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் மாட்டுங்கள். கிளாம்பை முன் பக்கெட்டில் மாட்டிவிட்டுப் பின்னால் வெல்டிங் செய்தால், கரண்ட் பின்களும் பேரிங்குகளும் வழியாக ஓடி அவற்றைப் பொசுக்கும். அது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், யாருக்கும் காரணமும் தெரியாது. கால்வனைஸ் மேல் வெல்டிங் வைக்கும் முன் துத்தநாகத்தைத் தேய்த்து எடுக்காவிட்டால் அன்றிரவே வெல்டருக்குக் குளிர்காய்ச்சல் வரும்.

எம்12-க்கு 80 நியூட்டன் மீட்டர் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை). கைக்கணக்கில் இறுக்க வேண்டாம், டார்க் ஸ்பேனரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாலும் போதும். இறுக்கியதும் நட்டிலிருந்து பிராக்கெட்வரை ஒரே கோடாக மஞ்சள் பெயின்ட் இழுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று ஆப்பரேட்டரே கண்டுபிடிப்பார்.

8. சிமெண்ட் மூட்டைச் சோதனை

14122 கேட்பது சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். நம் 0.84 சதுர மீட்டருக்கு அது சுமார் 170 கிலோதான். ஆனால் இரண்டு பேர், ஒரு டூல் பாக்ஸ் என்றாலே 200 கிலோ வரும். அதனால் 300 கிலோவுக்குச் செய்து, பலகையில் "2 பேர், 200 கிலோ" என்று எழுதுவது நல்ல பழக்கம்.

50 கிலோ சிமெண்ட் மூட்டை ஆறு. மேடையின் நீளத்துக்கு அடியில் ஒரு நூலைக் கட்டி, மூட்டைகளைப் பரப்பி வையுங்கள். நடுவில் தாழ்வு நீளத்தில் 200-இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 1,200 மி.மீ.க்கு 6 மி.மீ. பத்து நிமிடம் விட்டு, இறக்கிய பிறகு நூல் பழைய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் ஏதோ வளைந்துவிட்டது, பிரித்துப் பாருங்கள்.

அடுத்து, 200-க்கு 200 மரக்கட்டையைப் பிளேட்டின் மிகப் பலவீனமான இடத்தில் வைத்து அதன்மேல் மூன்று மூட்டை. இது ஒருவரின் முழு எடையும் ஒரே இடத்தில் விழும் கணக்கு.

கடைசியில் தடுப்புக் கம்பி. மீட்டருக்கு 300 நியூட்டன், கம்பங்களுக்கு இடையே 1.2 மீட்டர் என்றால் 360 நியூட்டன், ஏறக்குறைய 37 கிலோ. கம்பத்தின் தலையில் ஸ்பிரிங் தராசு கட்டிப் பக்கவாட்டில் இழுங்கள். 30 மி.மீ.க்கு மேல் வளைந்தால் கம்பத்தின் அடியில் முட்டுத் தகடு வைக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் தாளில் எழுதி, அளவுகோல் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

9. ஷண்டிங் எஞ்சின் என்றால்

ரயில் பெட்டிகளை இழுத்துத் தள்ளி இடம் மாற்றுவதுதான் ஷண்டிங் எஞ்சின். தனியார் சைடிங்கில் (கிளைத் தண்டவாளத்தில்) ஓடும் சிறு எஞ்சினாக இருந்தாலும், அது மெயின் லைனுக்குள் ஒரு முறை நுழைவதாக இருந்தால், தண்டவாளத்தை நடத்துபவரின் எழுத்து அனுமதி இல்லாமல் படி ஒன்றைக்கூட மாற்றக் கூடாது. வண்டியின் வெளிவரம்பை 20 மி.மீ. தாண்டிய படி, நடைமேடை ஓரத்திலோ சிக்னல் கம்பத்திலோ இடிக்கும்.

மேற்குக் கரைத் தடத்தில் பட்டர்வொர்த், கோலாலம்பூர் எல்லாம் 25,000 வோல்ட் மேல்கம்பி. எஞ்சினின் மேல் மேடையில் நின்று நீளமான குழாயைத் தூக்கினால் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் பாயும். கரண்ட்டை நிறுத்தி, எர்த் செய்து, அனுமதிச் சீட்டு கையில் வந்த பிறகே இடுப்புக்கு மேல் வேலை.

ஷண்டர் (பெட்டிகளைக் கழற்றி மாட்டும் தொழிலாளி) நின்று பயணிக்கும் முனைப்படிக்கு அமெரிக்க ரயில்வே விதி ஒரு நல்ல அளவுகோல், இங்கே கட்டாயமில்லை என்றாலும். அகலம் 610 மி.மீ., ஆழம் 305, தண்டவாளத்தின் மேலிருந்து உயரம் 483-க்கு மிகாமல், பாதம் பின்னால் வழுக்கி உள்ளே போகாதபடி 152 மி.மீ. பின்தடுப்பு. அந்தப் பின்தடுப்பைத்தான் நம் பட்டறைகளில் விட்டுவிடுகிறார்கள். பாதம் வழுக்கினால் நேரே சக்கரத்துக்கு. கப்ளிங் கழற்றும் நெம்புகோல் படியிலிருந்து இறங்காமல் கைக்கு எட்ட வேண்டும், இன்னொரு கையில் கைப்பிடி இருக்க வேண்டும்.

10. நின்றே ஓட்டும் சிறு எந்திரங்கள்

ஷா ஆலம், பாயான் லெப்பாஸ் கிடங்குகளில் ஓடும் பேலட் டிரக்கின் மடக்கு மேடைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் இறங்கினால் வண்டி நின்றுவிடும். கால் வலிக்கிறது என்று கனத்த ரப்பர் பாயை ஆணியடித்து வைத்தால் சுவிட்ச் எப்போதும் அழுந்தியே இருக்கும், வண்டி ஆளில்லாமல் ஓடும். கேபிள் டையால் கட்டிவைக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. பாய் வேண்டுமென்றால் தயாரிப்பாளரின் பாய்தான். அதிர்வு அதிகமென்றால் மேடையின் ரப்பர் மவுண்டுகளை மாற்றுங்கள். காய்ந்து வெடித்த மவுண்ட் அதிர்வை அப்படியே முழங்காலுக்கு அனுப்பும். உடல் முழுதும் படும் அதிர்வுக்கு ஐரோப்பிய விதி 8 மணி நேரத்துக்கு 0.5 மீட்டர்/விநாடி² தாண்டினால் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது, 1.15-ஐ உச்சமாக வைக்கிறது.

11. பொருத்திய பிறகு

முதல் 8 மணி நேர ஓட்டத்துக்குப் பின் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் பாருங்கள், 50 மணிக்குப் பின் இன்னொரு முறை. அதன்பின் சர்வீஸோடு சேர்த்து. வெல்டிங் ஓரத்தில் துருவின் நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் அது விரிசல். மேலே பெயின்ட் அடிக்காமல் மேடையைக் கழற்றுங்கள்.

மேடை சரியில்லை என்று ஆப்பரேட்டர் ஏற மறுத்தால் கோபப்பட வேண்டாம். உடனடி ஆபத்தென்று நியாயமாக நம்பினால் விலகிக்கொள்ளும் உரிமையை ஓஷாவின் 26ஏ பிரிவு அவருக்குத் தருகிறது.

யாராவது விழுந்துவிட்டால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். காயம் நான்கு நாளுக்கு மேல் வேலையைத் தடுக்குமானால் டோஷுக்கு உடனே சொல்லி, ஜேகேகேபி 6 பாரத்தை 7 நாளுக்குள் அனுப்ப வேண்டும். பெரிய விபத்தென்றால், காயம்பட்டவரைக் காப்பாற்றத் தேவையானதைத் தவிர, மேடையை யாரும் தொடக் கூடாது. உடைந்த போல்ட்டைப் பொறுக்கி மேசையில் வைப்பதும் தொடுவதுதான்.